பாவாயி ஆடிய இறுதி ஆட்டம்

விளையாட்டுச் சாமான் கடையில் ரப்பர் வாசனை அடித்ததும், இன்று பேருந்து நிலையமாகிவிட்ட எங்கள் பள்ளி மைதானத்தில், கையில் ரப்பர் வளையத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டு நான் நின்ற மத்தியானம் நினைவுக்கு வந்தது. பதினோராம் வகுப்பில் நானும் பாவாயியும் வளையப்பந்து ஜோடி. இறுதி ஆட்டம் தொடங்கப்போகிறது; அவளைக் காணோம். கடைசியில் தலை நிறையப் பூவோடு ஓடிவந்தாள்.

“பொண்ணு பாக்க வந்திருக்காங்க புள்ள. கொல்லப்பக்கமா ஓடியாந்துட்டேன்.”

அதன்பின் அவள் வளையத்தைப் பார்த்தாள், நான் வாசலைப் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் அவள் அப்பா சைக்கிளோடு வந்து கோட்டருகே நின்றார். வீசப்போன பாவாயியின் கை அப்படியே நின்றுவிட்டது.

“முடிச்சுட்டே வா சாமி. அவங்கள உக்கார வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்,” என்றார்.

ஜெயித்தோம். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனாள்.

சேலத்தில் நடந்த அடுத்த போட்டிக்கு நான் வேறொருத்தியோடு போனேன். அன்றைக்குத்தான் பாவாயிக்குக் கல்யாணம்.