விறகு காயும்வரை அப்பா

காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் எனக்கு எட்டு வயது. கல்குடாவில் ஒரு ஹொட்டலில் சமையற்காரராக இருந்த அப்பா, லீவில் வந்து, வழக்கம்போல இரண்டு நாளில் திரும்பிப் போகாமல் வீட்டிலேயே நின்றார். வளவில் சாய்ந்து கிடந்த மரமுந்திரிகையைத் தறித்துப் பிளந்தார். மண்ணில் படாதபடி இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்று நுழைய இடம்விட்டு அடுக்கினார். அம்மா வாங்கியிருந்த புது மண் அடுப்பு நாலு கட்டையில் சோறாக்கிவிடும். ஆனால் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும்.

எப்போது வேலைக்குப் போவதாக உத்தேசம் என்று அம்மா கேட்டார்.

"இந்த விறகு காயட்டும். ஈர விறகோட உங்கள விட்டுப்போட்டு எப்படிப் போற?" என்றார் அப்பா.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விறகு காயாவிட்டால் அப்பா போகமாட்டார். என் மூளை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை. பள்ளிவிட்டு வந்ததும் கத்தரிக்கன்றுக்கு ஊற்றுவதாகச் சொல்லி, வாளி வாளியாக விறகுக்கு ஊற்றினேன். வாவிக்கரையில் கச்சான் காற்று அனலாக வீசிய காலம். நான் நனைத்ததை அது மறுநாளே உலர்த்தப் பார்த்தது. நானும் விடவில்லை.

பழைய விறகு தீர்ந்த அன்று அம்மா அந்த அடுக்கிலிருந்து எடுத்து மூட்டினார். குசினி முழுக்கப் புகை. அம்மாவுக்கு முட்டு வருத்தம் உண்டு. வாசற்படியில் குந்தி, மூச்சுக்குத் தவித்தார். பயந்து அழுதுகொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றார். "இனி ஊத்தாத. அம்மாக்கு ஏலாம கிடக்கு."

தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அடி விழாததே பெரிய காரியம்.

அதன்பிறகு விறகு மளமளவென்று காய்ந்தது. அப்பா தினமும் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். ஈரமென்றால் மந்தமாகக் கேட்கும். ஒருநாள் பின்னேரம் 'டங்' என்று கேட்டது. குசினிக்குள் நின்ற எனக்கே கேட்டது.

அப்பா கட்டைகளைத் திரும்ப அடுக்கில் வைத்தார். "இன்னும் ரெண்டு கிழமை போகணும் போல."

அம்மா அதே விறகில்தான் சோறாக்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் ஒரு பொட்டுப் புகையில்லை.

"ஓம், இன்னும் ஈரந்தான்," என்றார்.

எனக்காகத்தான் இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஹொட்டலை மூடிவிட்டார்கள் என்பதும், அப்பாவுக்குப் போக இடமே இல்லை என்பதும் அம்மாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.