நடந்து போன புறா

அந்தப் புறா பறந்து போய்விட்டது என்று நான் மச்சானிடம் சொன்னது பொய். அதனால் பறக்க முடியாது. அதன் ஒரு பக்கச் சிறகில் ஏழு இறகுகளை நறுக்கியவன் நானே.

மச்சான் என் மனைவியின் மூத்த சகோதரர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் நான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். இந்த வீட்டில் பிறந்த மச்சான் ஒலுவிலுக்குப் போனார். அங்கே கடலோரத்தில் முப்பது வருடம் இருந்தார், பின்வளவில் புறாக் கூடு வைத்திருந்தார். கடல் முதலில் தென்னைகளை எடுத்தது, பிறகு வேலியை, பிறகு கூடு நின்ற நிலத்தையே எடுத்துவிட்டது. சமைக்கிற குசினியின் சுவர் வெடித்ததும் ஊருக்குள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டுக்காரருக்குப் புறா எச்சம் ஆகாது. புறாக்களை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஆண் புறா மட்டும் கொடுத்த இடத்தில் நிற்கவில்லை. செம்மண் நிறம், கழுத்தில் வெள்ளை வளையம். பாலமுனையில் கொடுத்தாலும் அட்டாளைச்சேனையில் கொடுத்தாலும் மறுநாள் திரும்பி வந்தது. கடைசியில் அதை ஒரு மட்டைப் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"வந்து எங்க இறங்கிற மச்சான்? இறங்க இடமில்ல. கூடு இரிந்த இடத்துக்கு மேல, தண்ணிக்கு மேல சுத்திச் சுத்திப் பறக்கும். எனக்குப் பாக்க ஏலாம இரிக்கி" என்றார். பிறகு சொன்னார்: "ஒரு பொட்டைய வாங்கிச் சோடி சேருங்க. முட்டை வெச்ச பொறகு திறந்து விடுங்க. இறகுல மட்டும் கை வெச்சிராதீங்க."

"முட்டை வெச்சா போகாதா காக்கா?" என்று மனைவி தேத்தண்ணீரோடு வந்து தமையனிடம் கேட்டாள்.

"நம்மட ஆம்புளயள் மாதிரித்தான் புள்ள. பொஞ்சாதிட ஊட்டுல ஒரு முட்டையக் கண்டுட்டா, பொறகு உம்மாட ஊட்டுப் பக்கம் திரும்பியும் பாக்காது. உன்ட மாப்புளயக் கேட்டுப் பாரு."

அவள் சிரித்தாள். நான் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தெருவில் ஒருவர் நாற்பது ஐம்பது புறா வளர்க்கிறார். ஒரு பொட்டை கேட்டால் கொடுத்திருப்பார். மூன்று பின்னேரம் அவருடைய வீட்டுக் கேற்றுவரை போனேன். மூன்று நாளும் வாசலில் நாலைந்து பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போகிறவன்போல நேரே நடந்து, வேறு தெருவால் வீடு வந்தேன். நான் அப்படித்தான். ஐந்தாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். அரிசி ஆலையில் மூட்டையின் வாயைத் தைப்பது என் வேலை. மூட்டைகளோடு கதைக்கத் தேவையில்லை.

புறா கம்பிக் கூட்டின் ஒரு பக்கத்திலேயே நின்றது. நிழலுக்கு நிற்கிறது என்று நினைத்துக் கூட்டைத் திருப்பி வைத்தேன். அது மறுபடி அதே திசைக்கு மாறி நின்றது. கம்பியில் முட்டி முட்டி நெற்றியில் இறகு உதிர்ந்துபோனது. ஒலுவில் அந்தத் திசையில்தான் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் வந்த பறவை வழியில் ஒரு மரத்தைக்கூடக் காணவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "சூரியன வெச்சும் தெரியுமாம் வாப்பா. பூமிட காந்தமும் அதுக்கு விளங்குமாம். மணத்தால கண்டுபுடிக்கும் எண்டும் போட்டிரிக்கி. மேல இரிந்து ரோட்டுகளப் பாத்து ஞாபகம் வெச்சிக்குமாம்."

ஒருமுறை கண்டிக்குப் போனபோது, தங்கிய அறையில் கிப்லா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டு, நினைத்த பக்கம் பார்த்துத் தொழுதேன். மறுநாள் பார்த்தால் நான் நின்றது நேர் எதிர்ப்பக்கம். மகள் சொன்னதைக் கேட்டதும் அதுதான் ஞாபகம் வந்தது.

கூட்டுக்குள் புறா மெலிந்துகொண்டே போனது. வளவில் திறந்து விட்டால் தேறும், ஆனால் பறந்துவிடும். ஒருநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மூட்டை நூல் வெட்டும் கத்திரிக்கோலால் இறகை நறுக்கினேன். நகம் வெட்டுவதைப்போலத்தான், நோகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது துடிக்கவில்லை. தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.

"காக்கா வேணாம் எண்டவர்தானே?" என்றாள் மனைவி.

"முளைக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து அதற்கு என்னை நன்றாகத் தெரியும். மனைவியின் கையில் அரிசி தின்னும். என் செருப்புச் சத்தம் கேட்டால் விறகுக்குப் பின்னால் ஓடிவிடும். செருப்பைக் கழற்றி, போட்டிருந்த சேட்டை மாற்றி, தொப்பி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்போதும் ஓடியது. என் முகத்தை ஞாபகம் வைத்திருந்தது.

பிறகு அது நடக்கத் தொடங்கியது. முதல் நாள் பக்கத்து வீட்டு வாசலில் பிடித்தேன். அடுத்த நாள் அதற்கும் அப்பால் மூன்றாவது வீட்டில். இன்னொரு நாள் தெரு முனையில். ஒருநாளும் வடக்கே கல்முனைப் பக்கம் போகவில்லை, இரைச்சல் கேட்கிற கடற்கரைக்கும் போகவில்லை. தெற்கே, ஒலுவில் பக்கமாகவே போனது. அது சும்மா மேயவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும், கேற்றின் கீழ் இடைவெளிக்கு ஒரு செங்கல்லை வைத்ததோடு விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது செங்கல் விலகிக் கிடந்தது, புறாவைக் காணவில்லை. பெரிய ரோட்டுக்குப் போய்த் தெற்கே கொஞ்சத் தூரம் நடந்தேன். இரு பக்கமும் கேற்றுகள். ஒன்றைத் தட்டிக் கேட்டால் போதும். ஆனால் நரைத்த தாடியோடு ஒரு மனிதன், புறா ஒன்று நடந்து போனதா என்று எப்படிக் கேட்பது? திரும்பி வந்தேன்.

மனைவி போனை எடுத்துத் தமையனின் நம்பரை அழுத்தி என் கையில் தந்தாள். "நீங்களே சொல்லுங்க."

"மச்சான், அது பறந்திட்டு" என்றேன்.

"பறந்திட்டா? அப்ப இஞ்ச வந்திரும்" என்றார். குரலில் சந்தோஷம்.

அடுத்த நாளிலிருந்து மச்சான் ஒவ்வொரு பின்னேரமும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பிடி நெல்லோடு பழைய வளவுப் பக்கம் போய், கடலைத் தடுக்கப் போட்டிருந்த கற்களில் உட்காரத் தொடங்கினார். மழைக்குள்ளும் போகிறார் என்று அவருடைய மனைவி போனில் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் என் மனைவி, "போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்" என்றாள். பஸ் ஏறினேன்.

அவர் கல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான். அரை மணித்தியாலத்துல வாற சாமான். பருந்து அடிச்சிட்டோ தெரியா."

"அது பறக்கல்ல மச்சான். நான் இறகு வெட்டின."

அவர் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். பிறகு கேட்டார்: "எத்தின?"

"ஏழு."

"ஒரு பக்கமா?"

"ஓம்."

கையிலிருந்த நெல்லைச் சேட்டுப் பைக்குள் போட்டார். "அப்ப நடந்துதான் வெளிக்கிட்டிரிக்கும். ஆருட்ட விசாரிச்சீங்க?"

"ஒருத்தருட்டயும் இல்ல."

"அதுக்கு நடக்க ஏலுமாயிரிக்கி. உங்களுக்கு வாயத் திறக்க ஏலாமப் போயிட்டு" என்றார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் எங்கள் கேற்றுக்கு வந்து நின்றார். "நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்." முதல் கேற்றில் என் கை எழும்பவில்லை. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் தட்டும்வரை அசையாமல் நின்றார். தட்டினேன்.

"நடக்கிற புறாவா? ஏன், பஸ்ஸுக்குக் காசில்லயாமா?" என்று மாளிகைக்காட்டில் ஒருவர் கேட்டார். வீட்டுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அடுத்த கேற்றைத் தட்டினேன்.

காரைதீவின் கடைசிப் பக்கத்தில், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மா விளக்குமாற்றை நிறுத்தினாள். "கழுத்துல வெள்ளையா? ஓம், வந்தது. போன சனி இல்ல, அதுக்கு முந்தின சனி. கோழிச் சட்டியில தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிண்டது. புடிச்சுப் பெட்டியில வெச்சன். ஆரும் தேடி வருவாங்க எண்டு ரெண்டு நாள் வெச்சிருந்தன். வரல்ல. சும்மா முட்டிக்கொண்டே நிண்டது, பாவமாக் கிடந்தது. திறந்து விட்டன்."

"எந்தப் பக்கம் போனது?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் விளக்குமாற்றால் தெற்கே காட்டினாள். அங்கே ஊர் முடிந்து வயல் தொடங்குகிறது.

ரெண்டு நாள். அந்தப் பெட்டிக்குள் அது இருந்த ரெண்டு நாளும் நான் வீட்டிலும் ஆலையிலும்தான் இருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலத் தூரம்.

மச்சான் அவளுக்கு நன்றி சொன்னார். வயலுக்கு நடுவே போகும் ரோட்டில் நிந்தவூர்வரை நடந்தோம். அங்கே தட்டிக் கேட்க ஒரு கேற்றும் இல்லை. நிந்தவூரில் நான் தட்டிய வீடுகளில் ஒருவரும் அதைக் கண்டிருக்கவில்லை.

மச்சான் இப்போதும் அஸருக்குப் பிறகு அந்தக் கற்களுக்குப் போகிறார். ஆலை லீவு நாட்களில் நானும் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். வானத்தைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருவரும் ஊருக்குள்ளிருந்து வரும் ஒழுங்கைப் பாதையைப் பார்த்திருப்போம்.