கடைசியில் இரண்டு ஐ

ஃபைல் ஏற்றும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்பு யார் பண்ணினாலும் திட்டு ஒரே விலாசத்துக்குத்தான் வரும்.

கடைக்காரர், ஆஸ்பத்திரிக்காரர், சங்கத்துக்காரர் எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காகக் குவித்து வைத்திருக்கும் எக்செல் ஃபைல்களை வாங்கி, தூசு தட்டி, கிளவுடில் இருக்கும் ஒரு தளத்தில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. ஏற்றிவிட்டால் அது கூட்டும், பிரிக்கும், கலர் கலராகப் படம் போட்டுக் காட்டும். ஏற்றுகிற வரைக்கும் நம் உயிரை வாங்கும். "இந்தக் கட்டத்தில் தேதி இல்லை", "இந்த வரியில் ஒரு கமா அதிகம்" என்று உங்களையும் எப்போதாவது ஒரு ஃபைல் திருப்பி அனுப்பியிருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

மஞ்சக்குப்பத்தில் மைதானத்தைப் பார்த்த மாதிரி ஒரு மாடி. அதில் இரண்டு பேர், நானும் ஜமால் பாயும். பாய்க்குப் பரங்கிப்பேட்டை. நெட், வயர், மெஷின் எல்லாம் அவர் பொறுப்பு. வரிகளும் கட்டங்களும் என் தலையில்.

இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. நான் ஒருத்தியைத் தேடுகிறேன். பெயர் கலைவாணி. சிதம்பரத்தில் காலேஜில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வந்த வரன் எல்லாம் தட்டிப் போகிறதே என்று அவள் அப்பா ஒரு எண்கணித ஜோசியரைப் பார்த்தார். அவர் சொன்னபடி, ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது கடைசியில் ஒரு 'ஐ'க்குப் பதில் இரண்டு 'ஐ' போட ஆரம்பித்தாள். கடைசிப் பரீட்சை அன்று ஹால் டிக்கெட்டைப் பிடுங்கி, வகுப்பு முழுவதும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன்: "இன்னொரு ஐ போடுடி, மாப்பிள்ளை ஹெலிகாப்டர்ல வருவான்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உள்ளே அவள் கையால் ஒரு வரிகூட இல்லை. தப்பு செய்தவள் நான், ரோஷமும் எனக்குத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். மாப்பிள்ளை பெயரைக்கூடப் படிக்கவில்லை. அப்புறம் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து, வீட்டு போனும் நின்று போனது. இருபது வருஷம் ஆகிறது. புருஷன் பெயர் தெரியாமல் நம்மூரில் ஒரு பெண்ணைத் தேடிப் பாருங்கள், கஷ்டம் புரியும். தாலி ஏறினதும் இன்ஷியல் மாறிவிடும். கே. கலைவாணி என்று ஒருத்தி இப்போது எங்கேயும் இல்லை. ஃபேஸ்புக்கில் இருக்கிற கலைவாணிகள் எல்லோரும் ரோஜாப்பூ படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்.

வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஃபைலில் இருக்கிற யாரையும் சொந்தக் காரியத்துக்காகத் தேடக் கூடாது, போன் நம்பரை எடுக்கக் கூடாது. நியாயம்தான். தேடத்தான் கூடாது, தானாகக் கண்ணில் பட்டால் பாவமில்லை என்று மனசுக்குள் நானே ஒரு திருத்தம் போட்டுக்கொண்டேன்.

தங்கராசு வீட்டுக் கல்யாணம்

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு விவசாயிகள் குழு. பத்து வருஷ மழைக் கணக்கை ஏற்ற வேண்டும் என்று கொடுத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் வரி. ஏற்றினேன். தளம் அத்தனை வரியையும் திருப்பித் துப்பியது. தேதிக் கட்டத்தில் ஒரு தேதிகூட இல்லை. "ஆடி அமாவாசை", "தீபாவளிக்கு மொத நாள்", "வீராணம் தொறந்த அன்னிக்கு" என்று இருந்தது. ஓர் இடத்தில் "தங்கராசு வீட்டுக் கல்யாணம்" என்று மட்டும் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த வருஷத்திலேயே பெரிய மழை.

அமாவாசைகளைப் பழைய பஞ்சாங்கம் வைத்துத் தேதியாக மாற்றிவிட்டேன். தங்கராசுக்கு எந்தப் பஞ்சாங்கமும் உதவவில்லை. அந்தக் குழுவின் செயலாளருக்குப் போன் போட்டு, அந்தக் கல்யாணம் எந்தத் தேதி என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. கடைசிப் பரீட்சை எந்தத் தேதி என்று என்னைக் கேட்டால் நானும் முழிப்பேன். அன்று கலைவாணி கட்டியிருந்த புடவைக் கலர் மட்டும் சொல்லுவேன். செயலாளர் பத்திரிகையைத் தேடி எடுத்துத் தேதியைச் சொன்னார். சொல்லிவிட்டு, குறைப்பட்டுக்கொண்டார்:

"ஊரே நனஞ்சிகிட்டு பந்தியில ஒக்காந்துச்சிங்க. அத போய் நம்பரா மாத்திட்டீங்கன்னா, அப்புறம் எவனுக்கு அது ஞாபகம் இருக்கும்?"

ஸ்பீட் பிரேக்கர்

கடலூரில் ஒரு ஜவுளிக்கடை. வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். பிழை இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கடையில் மட்டும் அறுபது கலைவாணிகள். எல்லோருக்கும் கடைசியில் ஒரே ஒரு 'ஐ'. ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போனேன். இதைத் தேடல் என்று சொல்ல முடியாது, பிழை திருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் ஸ்டூல் போட்டு வயர் மாட்டிக்கொண்டிருந்த பாய் இறங்கி வந்தார்.

"உமாம்மா, எல்லா எழுத்துலயும் சர்ருனு போற. 'கே' வந்தா மட்டும் ஸ்பீட் பிரேக்கர் போட்ட மாரி நிக்கிறியே, அங்க யாரு இருக்கா?"

மேலே போனால் கீழே இருக்குமா

குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவாளர் சங்கம். நாற்பது வருஷத்து லுங்கி டிசைன்களைப் படம் பிடித்து, கட்டத்துக்கு ஒரு கலர் பெயர் எழுதி, கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். ஏற்றிக் கொடுக்க நானும் பாயும் போனோம். சங்கத் தலைவருக்கு அறுபது வயசிருக்கும். நான் பட்டனை அழுத்தப் போகும்போதெல்லாம் "செத்த இருங்க" என்று தடுத்தார். மூன்றாவது தடவைதான் விஷயத்தைச் சொன்னார். ஏற்றிவிட்டால் இங்கே காலியாகிவிடும் என்று அவருக்குப் பயம். இல்லை அய்யா, இங்கேயும் இருக்கும், அங்கேயும் ஒன்று இருக்கும் என்று சொல்லிப் புரியவைத்தேன். அரை மனசோடு தலையாட்டினார்.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நெட் போய்விட்டது. பாய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நெட் டாங்கிளைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். ஒரு வழியாக ஏறியது. தலைவர் உடனே தன் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு டிசைனாகச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தது. அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முகம் ஏனோ வாடிவிட்டது.

"இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. மனுசனுக்கு இந்த வசதி இல்ல பாருங்க. எம்பொண்ணு துபாய் போனா, இங்க ரூம்பு காலிதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாய் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரெண்டு ஆளுன்னே இருக்கட்டும்

சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே பதிவேடு பார்ப்பவர் வசந்தா. தெற்கு வீதிக்குப் பின்னால் வீடு. கோயில் மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

எங்கள் தளத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். நமக்கு இருப்பதோ ஒரே பெயர். கடைசிப் பெயருக்கு எங்கே போவது? வசந்தாவுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் சிலருக்கு இன்ஷியலைப் போட்டார்கள், சிலருக்கு ஊர்ப் பெயரைப் போட்டார்கள், ஒருவருக்கு "சர்க்கரை" என்று வியாதியையே போட்டிருந்தார்கள். அதில் ஒரு தனலட்சுமி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இன்ஷியலோடு கண்ணாடி வாங்கியிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் இன்ஷியலோடு வந்திருக்கிறாள். தளம் இரண்டு ஆள் என்றது. பிறந்த தேதியும் ஊரும் ஒன்றாக இருக்கின்றனவே, சேர்த்துவிடலாமா என்று வசந்தாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி வந்தவ கலகலன்னு பேசுவா மேடம். இப்ப வர்றவ வாயே தொறக்க மாட்றா. ரெண்டு ஆளுன்னே இருக்கட்டும், கம்ப்யூட்டர் கரெக்டாத்தான் சொல்லுது."

மஞ்சள் வரி

அதே ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம் புது ஃபைல் வந்தது. பெயரில் எழுத்து கூடக்குறைய இருந்தால் தளம் அந்த வரியை மஞ்சளாக்கிக் காட்டும். பதினோரு மஞ்சள் வரி. சம்பந்தப்பட்டவர்களுக்குப் போன் போட்டுக் கேட்பது ஆஸ்பத்திரியின் வேலை, திருத்துவது என் வேலை. அதனால் சிதம்பரத்துக்கே போய் வசந்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு வரி முடிந்தது. ஒன்பதாவது வரியில் கலைவாணி. கடைசியில் இரண்டு ஐ.

இப்படி ஓர் எழுத்து அதிகம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். ஆயிரம் பெயரில் எடுத்திருப்பேன். அன்று விரல் போகவில்லை. அடுத்த கட்டத்தில் போன் நம்பர் இருந்தது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அந்தக் கையெழுத்துப் போட்ட தாள் அப்படியே கண் முன்னால் வந்தது.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் மேடம், எடுத்துடுங்க" என்றார் வசந்தா.

"எதுக்கும் கேட்டுடுங்களேன்" என்றேன். இன்ஷியல் கட்டம் வேறு காலியாக இருந்தது. அதையும் கேட்க வேண்டியிருந்தது.

வசந்தா ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் போன் மணி நாலு தடவை அடித்தது.

"கண்ணாஸ்பத்திரிலேருந்து பேசுறோங்க. உங்க பேரு கடைசில ரெண்டு ஐ இருக்கு. தப்பா ஏறிடுச்சா?"

"தப்பில்லைங்க. ரெண்டு ஐதான்."

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அந்தத் 'தான்' என்பதை இழுக்கிற இழுப்பு அவளுடையதுதான். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. வசந்தா "இருங்க, எங்க கம்ப்யூட்டர் மேடம் இன்னொண்ணு கேப்பாங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் திரும்பிவிட்டார்.

இருபது வருஷமாக அவளிடம் என்னென்னவோ பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். பஸ்ஸிலும் சமையல்கட்டிலும் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வாயில் வந்தது இதுதான்:

"இன்ஷியல் என்னங்க?"

"வி. வீட்டுக்காரர் பேரு வேல்முருகன்."

பத்திரிகையில் நான் படிக்காமல் கிழித்த பெயர். கட்டத்தில் 'வி' என்று அடித்தேன்.

"யாருங்க பேசுறது? கொரலு தெரிஞ்ச மாரி இருக்கு" என்றாள்.

"கம்ப்யூட்டர் செக்‌ஷன்" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அப்புறம் அவள் பேசினாள்.

"சரிங்க. அந்த ரெண்டு ஐய மட்டும் எடுத்துடாதீங்க. கல்யாணம் ஆன பிறகு எல்லாரும் மாத்திக்கச் சொன்னாங்க, நான் மாத்தல. காலேஜ்ல ஒருத்தி அத சொல்லி கிண்டல் பண்ணுவா. என்னிக்காச்சும் அவ எங்கயாச்சும் பாத்தா, இது நாந்தான்னு அவளுக்குத் தெரியணுமில்ல."

"எடுக்க மாட்டோங்க" என்று சொல்லிப் போனை வசந்தாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த வரியைச் சரி என்று குறித்தேன். மஞ்சள் பச்சையாகி, ஃபைல் மேலே போனது. நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதி இரண்டு வரியையும் முடித்தேன்.

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ரூல பாத்து சொல்லாம வுட்டியா, பயந்துகிட்டு சொல்லாம வுட்டியா?" பதில் அவருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து அவள் செக்கப்புக்கு வரும்போது கொடுக்கச் சொல்லி, டாக்டரிடம் அனுமதி கேட்டு, என் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றை வசந்தாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். விருப்பமிருந்தால் அவள் பேசட்டும். விருப்பமிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த போன் வந்தாலும் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

ஊரார் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துச் சொல்கிற எனக்கு, என் இரண்டெழுத்துப் பெயரை அவளிடம் சொல்ல அன்று வாய் வரவில்லை.