சுரண்டிய சதுப்பு

கருவாட்டு வியாபாரி அப்துல் ஜப்பாரின் மகள் ஹாஜிரா, வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே பழவேற்காட்டில் பலருக்குப் பொறுக்கவில்லை. அவள் யாரையும் சட்டை செய்யவில்லை.

1976-இல் அவள் மேசைக்கு இரண்டு படங்கள் வந்தன. கோடையில் விமானத்திலிருந்து எடுத்ததில் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே நிலம் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. மழைக்குப் பின் செயற்கைக்கோள் எடுத்ததில் அதே இடம் தண்ணீராகக் கறுத்திருந்தது. ஹாஜிரா, வெளிச்சம் ஊடுருவும் டிரேசிங் துணியில் அந்த இடம் முழுக்க மையால் சதுப்புக் குறிகளை நிரப்பினாள்.

“அங்க ஃபேக்டரி வரப்போவுது. அத்த சுரண்டிட்டு தரிசுன்னு போடும்மா” என்றார் அதிகாரி.

“வெயில்ல காஞ்சா தரிசாயிடுமா சார்? என் கையால போடமாட்டேன். வேணும்னா நீங்களே சுரண்டிக்குங்க.”

அவர் ஆத்திரத்தில் பிளேடை எடுத்து அழுத்திச் சுரண்டினார். வரைகிற கை எதுவும் அப்படிச் சுரண்டாது. துணியின் வழவழப்பு போய்விடும். ஒளி பாய்ச்சி நகல் எடுத்தபோது, வெளிச்சம் புகாமல் சொரசொரத்த இடமெல்லாம் கறையாக விழுந்தது. எத்தனை நகல் எடுத்தாலும் சதுப்பு தன் வடிவம் மாறாமல் வந்து நின்றது.

ஹாஜிரா ஒரு நகலை அவர் மேசையில் விரித்தாள்.

“இன்னா சார், இவ்ளோ சுரண்டியும் தண்ணி வடியலியே!”