படலையில் நின்று கூப்பிட்ட மருந்து

சென்ற செவ்வாய்க்கிழமை நான் செத்துப் போனேன்.

பதறாதீர்கள். லண்டனில் மட்டும்தான்.

அங்கே இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, “கடை மிளகாய்த்தூள் வாய்க்கு வைக்கேலாது அக்கா” என்று அழுதிருந்தான். ஆகவே கோப்பாயில் எங்கள் குசினியில் காலையிலேயே செத்தல் மிளகாய் வறுபட்டது. எனக்கோ பழைய முட்டு வருத்தம், ஆஸ்துமா. புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம்... நெஞ்சு விசிலடித்தது.

இன்ஹேலர் இருக்கப் பயமேன்? டாக்டர் சொன்னபடி இரண்டு தரம் இழுத்தேன். அரை நிமிடம் பொறுத்தேன். விசில் நிற்கவில்லை. இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. அதற்குமேல் எண்ணவில்லை — குழம்புக்கு உப்பை எண்ணியா போடுகிறோம்?

விசில் நின்றது. ஆனால் நெஞ்சுக்குள் கோயில் மேளம் தொடங்கியது. விரல் நடுங்கி, சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. சந்தேகமேயில்லை... மாரடைப்பு!

“இஞ்சாருமப்பா... நான் போறன்.”

“போறதெண்டால் வரேக்கை ஒரு தேங்காய் வாங்கியாங்கோ.”

பிறகுதான் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அகப்பையை எறிந்துவிட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கு ஒரேயொரு சத்தம் போட்டாள்: “ஓட்டோ ஒண்டு பிடியுங்கோ! இவருக்கு நெஞ்சு!”

மானிப்பாயில் ஓர் ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர் ஈசீஜியைப் பார்த்தார்.

“இதயம் நல்லாயிருக்கு ஐயா. இன்ஹேலர் எத்தினை தரம் இழுத்தனீங்கள்?”

“ரெண்டு.”

மனைவி என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு ரெண்டாய்... ஒரு அஞ்சாறு தரம்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அந்த மருந்து கலத்துக்குள்ளை, அதுதான் செல்லுக்குள்ளை, போறேல்லை ஐயா. வேலிப் படலையிலை, கேற்றடியிலை நிண்டு கூப்பிடுற ஆள் மாதிரி. உள்ளை இருக்கிறவைதான் ஓடித் திரியினம்.”

அவர் விளக்கியது இது. கலத்தின் மென்சவ்வில் ‘வாங்கி’ என்றொரு புரதம் இருக்கிறதாம். தென்னோலைக் கிடுகுவேலி தைத்த கயிறுபோல ஏழு தரம் உள்ளும் வெளியுமாக ஓடியிருக்கும். மருந்து வெளியே தொட்டால் அது நெளியும். உள்ளே இருக்கும் ‘ஜீ’ என்ற புரதம் விழித்து ஒரு நொதியத்தைத் தட்டிவிடும். நொதியம் குட்டிச் செய்திகளைக் கூட்டம் கூட்டமாகப் பரப்பும். கூப்பிட்டது ஒருவர்... வீடே அமளி!

“சுவாசக் குழாயிலை அந்தச் செய்தி ‘தளரு’ எண்டு சொல்லும். இதயத்திலையும் அதே மாதிரிப் படலை இருக்கு. அங்கை ‘கெதியாய் அடி’ எண்டு சொல்லும்.”

“அப்ப எப்ப நிக்கும்?”

“ஜீ புரதம் கொஞ்சத்தாலை தானாய் அடங்கும். வாங்கியையும் வேறை புரதம் வந்து மூடிவிடும். மருந்தும் குறைஞ்சு போகும். பேசாமல் படுங்கோ.”

படுத்தேன். மேளம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. மனைவி வாங்கி வந்த பிளேன்ரீயை, பால் விடாத தேநீரை, ஒரு துளி சிந்தாமல் குடித்தேன். உயிரோடிருப்பது எவ்வளவு சுகம்!

மத்தியானம் வீடு திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு. வேலிக்கு மேலால் போன ஒரு சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து மருதனார்மடம் சந்தைக்கு ஓடி, அங்கிருந்து பத்துப் பேரின் போனில் ஏறி, லண்டன் போய்ச் சேரும்போது ‘நெஞ்சு’ போய் ‘ஆள் முடிஞ்சுது’ ஆகியிருந்தது.

மனைவியின் போன் அடித்தது. மச்சான்தான். விம்மல்.

“அக்கா... அத்தான்ரை நல்ல படமொண்டு அனுப்பு. கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு.”

போனை வாங்கினேன். “மச்சான், நான்தான் கதைக்கிறன்.”

ஓவென்று அழுதான் — இம்முறை சந்தோஷத்தில். எனக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

“அப்ப அத்தான்... தூள் இடிச்சாச்சோ?”

ஒரு கலத்துக்குக்கூட அடங்கும் நேரம் தெரிகிறது. நமக்கு?

தூள் அந்தக் கிழமையே போனது. பார்சலில் என் நல்ல படமொன்றையும் வைத்தேன் — கேட்டவன் கேட்டுவிட்டானே! படத்தின் பின்புறத்தில் மட்டும் ‘அவசரமில்லை’ என்று எழுதினேன்.