சண்முகத்துக்கு வந்த ஆட்டுக்கறி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுக்கறி வந்தது. நாச்சியாபுரம் கோயில் திருவிழாவில் வெட்டிய கிடாவில், சண்முகம் என்பவருக்குச் சேர வேண்டிய பங்கு அது. சமைத்துச் சாப்பிட்டது நாங்கள்.

ஏன், சண்முகம் எங்கே என்கிறீர்களா? அவர் இல்லை. காலமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்... பிறக்கவே இல்லை!

எல்லாம் வருமான வரிச் சட்டத்தால் வந்தது.

ஒரு காலத்தில் காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். அந்தப் பாவத்துக்கு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய வரிக் கணக்கும் வருடா வருடம் என் தலையில்தான் விடியும். அவர்களில் தொந்தரவே இல்லாத ஆள் எங்கள் அக்காதான். ரிட்டையர்டு டீச்சர். பென்ஷனைச் 'சம்பளம்' என்ற தலைப்பில் போட வேண்டும். பேங்க் வட்டிக்கு 'இதர வருமானம்'. கல்லல் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது — விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. வியாபார லாபத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. அக்கா கத்தரிக்காய் வாங்கினாலே நஷ்டத்தில்தான் முடியும் என்பதால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அக்கா கொடுக்கும் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இந்த வருடம் முடியவில்லை. காரணம் — வீடு.

அக்கா குடியிருப்பது காரைக்குடியில். வேலை பார்த்த காலத்தில் திருப்பத்தூரில் ஒரு சின்ன வீடு கட்டினாள். போன வருடம் பாகப்பிரிவினையில் நாச்சியாபுரத்துப் பூர்வீக வீடும் அவள் பங்குக்கு வந்தது. ஆக, மூன்று.

சட்டம் என்ன சொல்கிறது? இரண்டு வீடுகளை உங்கள் உபயோகத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வீட்டை நீங்கள் பூட்டியே போட்டிருந்தாலும், அது வாடகைக்கு விடப்பட்டதாகக் 'கருதப்படும்'. அந்த ஊரில் என்ன வாடகை போகுமோ, அது உங்களுக்கு வருமானமாகவும் கருதப்படும். கருதியதோடு விட்டுவிடுவார்களா? வரி போடுவார்கள்.

"ஆளே இல்லாத வீட்டுக்கு வாடகை வருதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? காலம் பூரா பிள்ளைககிட்ட பொய் சொல்லாதேன்னு சொன்னவடா நான்" என்றாள் அக்கா.

பொய் இல்லை அக்கா, கருதுகிறார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, அந்த வாடகையில் ரிப்பேர் செலவுக்காக முப்பது சதவீதம் கழித்துக்கொள்ளலாம், ரிப்பேரே செய்யாவிட்டாலும் கழிக்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். வராத வாடகையிலிருந்து செய்யாத ரிப்பேரைக் கழிப்பதா என்று கேட்டாள். எனக்கே லேசாகத் தலை சுற்றியது.

நிஜமாகவே யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். நாச்சியாபுரத்து வீட்டு ஓட்டில் பாதி வீட்டுக்குள் கிடக்கிறது. வௌவால்களைத் தவிர யாரும் குடிவர மாட்டார்கள்.

கடைசித் தேதி நெருங்கியது. தாண்டினால் அபராதம். அக்கா போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் கணக்கை முடிக்க முடியும். ஓடிபி வந்தது. அக்கா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். அபராதம் கட்டினாலும் கட்டுவாளாம், பொய்க்கு ஓடிபி தர மாட்டாளாம். கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் கோபித்துக்கொண்டு காபியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அவளே போன் செய்தாள். ராத்திரி முழுக்க யோசித்தாளாம். வாடகை வருவதாக நினைக்க வேண்டுமென்றால், அதைக் கொடுக்க ஓர் ஆளையும் நினைத்துத்தானே ஆக வேண்டும்? பெயர் தெரியாத ஆளுக்கு எப்படி வீட்டை விடுவது? எனவே சண்முகம் என்று பெயர் வைத்துவிட்டாள். தங்கமான மனிதராம், சிகரெட்கூடப் பிடிக்க மாட்டாராம்.

"மனசார நினைச்சுட்டேன். இப்ப அது பொய் இல்ல. மறுபடி ஓடிபி அனுப்பு, சொல்றேன்" என்றாள்.

ஒருவழியாகக் கணக்கு முடிந்தது. சண்முகம்தான் முடிந்தபாடில்லை. நினைக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை! பூக்காரம்மாவிடம் ஒருநாள், நாச்சியாபுரத்து வீட்டில் சண்முகம் இருக்கிறார், அவர் வாடகைக்கு நான் வரி கட்டுகிறேன் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாள். பூக்காரம்மாவுக்கு நாச்சியாபுரம்தான் சொந்த ஊர். செய்தி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டது.

திருவிழாவுக்கு முந்தின வாரம், நாச்சியாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாண்டி, கையில் ரசீது புத்தகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். திருவிழாக் கமிட்டிக்காரர், அக்காவிடம் படித்தவர். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்.

அந்த ஊரிலும் ஒரு வரிச் சட்டம் இருக்கிறது. தலைக்கட்டு வரி. வீட்டில் அடுப்பெரிந்தால் அது ஒரு தலைக்கட்டு, சொந்த வீடோ வாடகை வீடோ திருவிழாவுக்கு வரி கொடுக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் கிடையாது. அந்தச் சட்டத்தில் 'கருதப்படும்' என்கிற பேச்சே இல்லை.

"சண்முகம்னு ஒருத்தருக்கு வீட்டை விட்டுருக்கீகளாமே டீச்சர்? ஆளைக் கண்ணுலயே பார்க்க முடியல. வரியை நீங்கதான் வாங்கிக் குடுக்கணும்."

அக்கா முகம் வெளிறிவிட்டது. ஆமாம், ஆள் இருக்கிறார் என்றால் ஊருக்குப் பொய். இல்லை என்றால் கவர்மென்டுக்குக் கொடுத்த கணக்கு பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் பொய் சொன்ன டீச்சர் ஆகிவிடுவாள், அதுவும் தன்னிடம் படித்தவர் முன்னாலேயே. என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக என் செல்போனைப் பார்த்தேன்.

கடைசியில் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. பாண்டி சிரிக்கவில்லை. ரசீது புத்தகத்தைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"அங்குட்டு, ஆளு இருக்கிறதா நினைச்சுக் கட்டிட்டீக. இங்குட்டும் அப்படியே நினைச்சுக் கட்டிருங்க டீச்சர். நாங்க கறியாச்சும் தருவோம்."

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நினைத்தால் அதில் பொய் ஏது? உடனே பணத்தை எடுத்துக் கொடுத்து, சண்முகம் பெயரிலேயே ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

வரி கட்டிய தலைக்கட்டுக்கெல்லாம் கறியைக் கூறு போட்டுக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். பாண்டி சொன்ன சொல் தவறாமல் சண்முகத்தின் பங்கை அக்காவிடம் சேர்த்துவிட்டார். அக்கா கறியை நிறுத்தி வெகுகாலமாகிறது. அதனால்தான் தூக்குவாளி எங்கள் வீட்டுக்கு வந்தது. நானும்தான் இத்தனை வருடமாக வருமான வரி கட்டுகிறேன்... ஒரு எலும்பு வந்திருக்குமா?

மதியம் கடைசி நல்லியை நான் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா தம்பி, அடுத்தவரு கறி உனக்குச் சும்மா வந்துருக்கு. அது உன் வருமானம்தானே? கணக்குல எந்தத் தலைப்புல காட்டப் போற?"

கையைக் கழுவிக்கொண்டு பதில் சொன்னேன்: "நான் எங்கேக்கா சாப்பிட்டேன்? சண்முகம் சாப்பிட்டதாகக் கருதப்படும்."