கோழிக்கடைக் குளிர் அறையில் மூன்று கோட்டுகள்

எங்கே போவதாக இருந்தாலும் என் கணவர் மூன்று மாதம் முன்பே பட்டியல் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார். நானோ, வாசலில் கார் ஹாரன் அடிக்கும்போதுதான் பெட்டி ஜிப்பை இழுத்து மூடுகிற ஆள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இங்கே பினாங்கு வரை போனாலும் இதே சண்டைதான். கொரியாவில் வேலை செய்யும் மகளைப் பார்க்க டிசம்பரில் போவது என்று முடிவானதும் சண்டை இன்னும் சூடு பிடித்தது.

எங்கள் சொந்தத்தில் குளிர் நாட்டுக்கு யார் போனாலும் போட்டுக்கொண்டு போவது அதே மூன்று கோட்டுகள்தான். தங்கா பத்துவில் என் கொழுந்தனார் வீட்டு அலமாரியில் அந்துருண்டை வாசத்தோடு தொங்கும். போய் வந்தவர்கள் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆளுக்கொன்றாக எடுத்து வந்தால் வேலை முடிந்தது. இவர் மூன்றையும் அள்ளி, என்னையும் கூட்டிக்கொண்டு, பாசாரில் கோழிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் போனார். உறைந்த கோழிகளை அடுக்கும் குளிர் அறைக்குள் நின்று கோட்டைச் சோதிக்கப் போகிறாராம்.

"நீ வாசல்லயே நின்னு ஒண்ணைப் போட்டுப் பாரேன்."

"எனக்கென்ன பைத்தியமா? நீங்க போங்க லா."

கதவுக்கு வெளியே நின்று கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். கழுத்துவரை பட்டன் போட்டு, குரங்குக் குல்லா மாட்டி, கோழிகளுக்கு நடுவே மணியைப் பார்த்தபடி நின்றார். கோட்டுக்குப் பத்து நிமிடம். 'இந்தச் சேவல் விற்பனைக்கு அல்ல' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் மூவார் முதல் சிரம்பான் வரை சொந்தமெல்லாம் சிரித்தாயிற்று.

அந்த வாரம் தெங்கேராவில் ஒரு கல்யாண விருந்து. "கோழிக் கோட்டு அண்ணன் வந்துட்டாரு லா!" என்று பந்தியிலேயே கத்தினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் ஐஸ் பெட்டிக் கதவில் பட்டியல் இல்லை. "நீயே எல்லாம் எடுத்து வைம்மா" என்றார். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. இருப்பதிலேயே கனமான பச்சைக் கோட்டை எதற்குச் சுமப்பது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

கொழுந்தனார் அதைக் கையில் வாங்காமல் நின்றார்.

"இதையா அண்ணி கொண்டாந்தீங்க? இதத்தானே அண்ணன் உங்களுக்குன்னு பாத்து வச்சாரு. மூணுலயும் நெஞ்சுல குளிர் ஏறாதது இது ஒண்ணுதானாம். உங்களுக்கு மூச்சு வாங்குமே, அதுக்குத்தான் அங்க போயி நின்னாரு. அன்னைக்கு ராத்திரியே எனக்கு கால் பண்ணிச் சொன்னாரு."

எனக்கு ஆஸ்துமா. ஏர்கோன் குளிர் கொஞ்சம் கூடினாலே இன்ஹேலரைத் தேடுகிறவள். என் நெஞ்சுக்காக அரை மணி நேரம் உறைந்து நின்ற மனிதரை நானே ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே அழுதேன். குழுவிலிருந்து வீடியோவை அழித்தேன். அதற்குள் அது எத்தனை கைப்பேசிக்குப் போயிருந்ததோ.

வீட்டுக்கு வந்ததும், "என் மேலதாங்க தப்பு, மன்னிச்சிருங்க" என்றேன்.

"சும்மா சிரிக்கத்தானே போட்ட. விடும்மா." திட்டியிருந்தால் தேவலை.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதே பெட்டியை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினேன். என் வாழ்க்கையில் அது முதல்முறை. "ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன். கையுறை எத்தனை ஜோடி வைக்கணும்?"

அறை வாசலில் நின்றே பார்த்தார். கை பெட்டியின் பக்கம் நீண்டது. பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ வச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இருபத்தாறு வருடம் அவரோடு சண்டை போட்டேன்.